கண்ணாடி இருக்கா?

என் வீட்டுக்காரருக்கு மூக்கு பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோவைக் காட்டியபோது என் சித்தி முதலில் சொன்னதே அதைத்தான்: "மூக்கும் முழியுமா இருக்கார்டி, சரின்னு சொல்லிடு." நானும் சொல்லிவிட்டேன். அந்த மூக்கால் இப்போது மூச்சு விடலாம், கண்ணாடியை மாட்டலாம், வேறு ஒன்றுக்கும் உதவாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது. போகிற போக்கில் வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பூக்கடையும் சாக்கடையும் இவருக்கு ஒன்றுதான்.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இவர் பார்ப்பது கேஸ் அடுப்பு ரிப்பேர் வேலை.

எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே அடுப்பில் பால் பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கரியாகி, தெருவில் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஓடி வந்து பார்த்தால் இந்த மனுஷன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"இங்கதானே உக்காந்திருக்கீங்க?" என்றேன்.

"ஆமா. ஏன் கத்தற?"

அப்புறம் அவரே அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தையும் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தார்.

மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். ஒருவர் வரும் என்றார், ஒருவர் வராது என்றார், ஒருவர் வந்தால் சொல்லுங்கள் என்றார். வெளியே வந்து இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வாசனை தெரியாதவன கேஸ் வேலைக்கு எவன் கூப்பிடுவான்?"

நியாயமான கேள்விதான். இருபத்திரண்டு வருஷத்துத் தொழில். சிலிண்டரைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாகப் போட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அந்தம்மா அழுததைப் பார்த்து, சும்மா கழற்றிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தார். வேறு எதுவும் தெரியாது இவருக்கு. ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று நாள் ஆகும். ஆனால் அடுப்பு என்றால் போனிலேயே சொல்லிவிடுவார். பொத்தானை விட்ட பிறகும் பற்றவைக்கிற பொறி டிக் டிக்கென்று நிற்காமல் அடிக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், "போன அடுப்புப் பக்கத்துல வைங்கம்மா" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். விட்டு விட்டு அடித்தால் ஈரம், தொடைச்சு ஒரு மணி நேரம் காய விடுங்க, நான் வர வேண்டாம். ஒரே ஒரு பர்னரில் மட்டும் அடித்தால் மூடி சரியாக உட்காரவில்லை, தூக்கி வைங்க. எல்லாப் பர்னரிலும் ஒரே சீராக அடித்தால் உள்ளே ஏதோ ஒரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இதோ வர்றேன். வராமலே பாதிப் பேருக்குச் சரிசெய்து கொடுத்துவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று திட்டியிருக்கிறேன்.

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவேன். பார்க்கிறவர்களுக்கு, அடேயப்பா, என்ன ஒற்றுமை இந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு என்று தோன்றும். அவர் மேலே அடுப்பைக் கழற்றுவார். நான் கீழே சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். கேஸ் கசிந்தால் மேலே போகாது, கீழேதான் தங்கும். பிளக் சுவிட்சைப் போடுவது, அணைப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது இதெல்லாம் ஊருக்காக. என் உண்மையான வேலை மூச்சு விடுவது.

அதற்கு ஒரு பேச்சும் வைத்திருந்தோம். எல்லாம் மாட்டி முடித்து, கேஸைத் திறந்து, பொறியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன் கேட்பார்: "கண்ணாடி இருக்கா?"

வாசனை இல்லையென்றால் நான், "இருக்கு" என்பேன். வாசனை வந்தால், "காணோமே" என்பேன். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் ஜன்னலைத் திறப்பார். ஒரு வாடிக்கையாளர் இந்தக் கூத்தை நாலு தடவை பார்த்துவிட்டு, பாவம் மறதிக்காரர் என்று இவருக்குக் கண்ணாடி மாட்ட ஒரு கயிறு வாங்கிக் கொடுத்தார். இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆரம்பத்தில் சோப்புத் தண்ணீரும் வைத்திருந்தார். ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவுவார். கசிந்தால் குமிழி வரும். இந்த வேலை செய்கிற எல்லோரும் செய்வதுதான். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பாட்டில் பையின் அடிக்குப் போனது. "உன் மூக்கு இருக்கும்போது சோப்பு எதுக்கு?" என்று ஒருநாள் சொன்னார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒழுங்காகச் சோப்பைப் போடுங்கள் என்று அதட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பூரித்துப்போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம், நீ இல்லாமல் என்னால் முடியாது என்று ஒருவர் நாளுக்கு நாலு தடவை சொல்வது மாதிரி இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை எனக்குச் சளி பிடித்தது.

லேசாகத்தான் ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு துவாரமும் அடைத்துக்கொண்டது. காதும் மந்தம். காப்பித் தூள் டப்பாவுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் வேலைக்குப் போக வேண்டாம் என்றிருப்பார், அவ்வளவுதானே? ஆனால் வியாழக்கிழமைக்கு அறுபது வீடு காத்திருந்தது.

ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் செகரட்டரி அம்மா ஒரு மாதமாக ஆள் தேடிக்கொண்டிருந்தார். அறுபது வீட்டு அடுப்பையும் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் வேண்டும். இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை காலை வாங்க, என் வீட்டு அடுப்பைப் பாருங்க, பிடிச்சிருந்தா மத்ததைப் பேசலாம் என்றிருந்தார். இவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஊரெல்லாம் மாடி ஏறி இறங்கி, ராத்திரி படுக்கும்போது காலைக் கையால் தூக்கிக் கட்டிலில் போடுகிற ஆள். ஒரே கட்டடம், லிஃப்ட் இருக்கிறது. இதைவிட என்ன வேண்டும்? நாள் தள்ளிப்போட்டால் வேறு எவனாவது நுழைந்துவிடுவான்.

ஆவி பிடித்தால் வியாழக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்னொன்றும் உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். மூக்கு அடைத்திருக்கிறது என்று சொன்னால், சரி நீ வீட்டில் இரு, நான் சோப்பைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டால்? அது எனக்குப் பொறுக்காது.

செவ்வாய்க்கிழமை எங்களுக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண் வீட்டில் ஒரு சின்ன வேலை வந்தது. இரண்டு பர்னர் அடுப்பு. ரப்பர் குழாய் வெடித்திருந்தது, புதுசு மாற்றினார். "கண்ணாடி இருக்கா?" என்றார். நான் பழக்கதோஷத்தில், "இருக்கு" என்றேன். அடுப்பு பற்றியது. அந்தப் பெண், "தேங்க்ஸ்ண்ணா, தேங்க்ஸ்க்கா" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

"உன் குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?" என்று வழியில் கேட்டார்.

"தூசி" என்றேன்.

"ரெண்டு நாளா வீடு அமைதியா இருக்கு. தூசிக்கு நன்றி சொல்லணும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்தே மழை. லிஃப்டைவிட்டு வெளியே வரும்போதே இவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. "எல்லாம் ஒரே சீரா அடிக்குது. சுவிட்சுதான்" என்றார். எனக்குக் கதவருகே போன பிறகுதான் கேட்டது.

செகரட்டரி அம்மா வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததும், "காலையில ஆறு மணிக்கு அடுப்பத் தொடைச்சேன். போன மாசம் மாதிரியே அப்பலேருந்து மறுபடி அடிக்குது. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. பிளக்கப் பிடுங்கலாம்னா அது சிலிண்டருக்குப் பின்னாடி இருக்கு, கை போகல" என்றார். சமையலறை பளபளவென்று இருந்தது. அடுப்பு, மேடை, அலமாரி எதையும் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றின் மேலும் ஏதோ எலுமிச்சை வாசனைத் திரவம் அடித்திருந்தாராம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஜன்னல்களை மழைக்காகச் சாத்தியிருந்தார்.

நான் மேடைக்குக் கீழே அலமாரிக் கதவைத் திறந்து, சிலிண்டரை ஒட்டி உட்கார்ந்தேன். ரெகுலேட்டரை மூடினேன். கையைப் பின்னால் விட்டுச் சுவிட்சை அணைத்தேன். சத்தம் நின்றது. "அப்பாடா" என்றார் செகரட்டரி அம்மா.

"இது நிக்கல. நிறுத்தி வெச்சிருக்கோம்" என்றார் இவர்.

நாலு பர்னர். மூடிகளைத் தூக்கித் துடைத்து வைத்தார். பொறி வருகிற முள் ஒவ்வொன்றையும் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தார். "போடு" என்றார். போட்டேன். டிக் டிக் டிக். "அணை." அணைத்தேன். அடுப்பை முன்பக்கம் இழுத்து, மேல் தகட்டைக் கழற்றித் தூக்கினார். ஒவ்வொரு குமிழுக்கும் அடியில் ஒரு சின்ன சுவிட்ச். அதில் எது ஒட்டியிருந்தாலும் நாலு பர்னரிலும் பொறி அடிக்கும். முதல் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினார். "போடு." டிக் டிக். "அணை." இரண்டாவது. "போடு." டிக் டிக். "அணை." மூன்றாவதைப் பிடுங்கிவிட்டு, "போடு" என்றார். சத்தம் இல்லை. அணைத்தேன்.

"பிடிச்சாச்சு. தொடைச்ச தண்ணி உள்ள போயி இது பிசுபிசுன்னு ஒட்டிக்கிச்சும்மா. அழுத்தாமலே அழுத்தின மாதிரி இருக்கு."

செகரட்டரி அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "முன்னாடி வந்தவர் அடுப்பையே மாத்தணும்னு சொன்னார்" என்று காப்பி போடப் போனார், ஹாலில் இருக்கிற மின்சாரக் கெட்டிலில். அறுபது வீடு கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. இவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், மெதுவாகச் சீட்டி அடித்துக்கொண்டே புதுச் சுவிட்சை மாட்டினார். தகட்டை மூடினார். அடுப்பைப் பின்னால் தள்ளினார்.

"கேஸத் திற."

ரெகுலேட்டரைத் திருப்பினேன். மறு கையின் விரல் பிளக் சுவிட்சின் மேல் இருந்தது. மேலே அவர் குமிழ்களைத் துடைக்கிற சத்தம், வெளியே மழைச் சத்தம், எல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது மாதிரி இருந்தது எனக்கு. காது அவ்வளவு அடைத்திருந்தது. செகரட்டரி அம்மா தட்டில் மூன்று காப்பியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"கண்ணாடி இருக்கா?" என்றார் இவர்.

மூச்சை இழுத்தேன். மூக்கு வழியாக எதுவும் போகவில்லை. வாயால் இழுத்தேன். காற்று வந்தது, அது என்ன காற்று என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் அடுப்பை முன்பக்கம் இழுத்தபோது குழாய் சிலிண்டர் பக்கம் லேசாக அசைந்ததைப் பார்த்த ஞாபகம் வந்தது. பார்த்தேனா, நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகமாக இருந்தது. இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செவ்வாய்க்கிழமை சொன்னேனே, ஒன்றும் ஆகவில்லையே என்றுகூடத் தோன்றியது.

"உன்னத்தான். கண்ணாடி இருக்கா?"

"அவர் மூக்குலயே இருக்கே!" என்று செகரட்டரி அம்மா சிரித்தார்.

"எனக்குத் தெரியலங்க" என்றேன்.

"என்ன தெரியல?"

"மூக்கு அடைச்சிருக்கு. ஒண்ணுமே தெரியல. சளி."

மேலே துணியால் துடைக்கிற சத்தம் நின்றது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. குழந்தையிடம் பேசுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "விரல எடு. சுவிட்ச அழுத்தாம எடு. எடுத்துட்டியா? இப்ப ரெகுலேட்டர மூடு. அப்படியே வெளிய வா. எதுலயும் இடிக்காம வா."

எல்லாம் செய்தேன். என் கால் மரத்துப்போயிருந்தது, தவழ்ந்துதான் வெளியே வந்தேன். செகரட்டரி அம்மா காப்பித் தட்டை மேடையில் வைத்துவிட்டு, என்ன இது என்று குனிந்து அலமாரிக்குள் பார்த்தார். அடுத்த நொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஐயோ, கேஸ்! குப்புன்னு வருது!"

இவர் ஜன்னலையும் பால்கனிக் கதவையும் திறந்தார். மழை சமையலறைக்குள் சாய்ந்தது. செகரட்டரி அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் மனிதர்களின் பொய்யைப் பார்த்துப் பழகியவர் இல்லையா? "அவங்களுக்குச் சளி. சரி. நீங்க அங்கதானே நின்னீங்க? உங்க மூக்கு எங்க போச்சு?" என்றார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷம் காப்பாற்றியதை நான் ஒரு நிமிஷத்தில் போட்டு உடைத்தேன். உடைக்காமல் இருந்திருந்தால் மூன்று பேரும் போயிருப்போம்.

காற்று நன்றாகப் போன பிறகு, பையின் அடியிலிருந்து சோப்புப் பாட்டிலை எடுத்தார். தூசி படிந்திருந்தது. சிலிண்டர் பக்கத்துக் குழாய் மூட்டில் நுரையைத் தடவி, ரெகுலேட்டரை ஒரு நொடி திறந்தார். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. மூடினார், குழாயை உள்ளே தள்ளிக் கிளிப்பை இறுக்கினார், மறுபடி தடவினார். குமிழி இல்லை. செகரட்டரி அம்மாவையே குனிந்து மோந்து பார்க்கச் சொன்னார். அப்புறம்தான் பற்றவைத்தார். ஒரே டிக்கில் பற்றியது. விட்டதும் நின்றது.

"வேலை உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஆனா அறுபது குடும்பம் இருக்கு இந்தக் கட்டடத்துல. என் இடத்துல நீங்க இருந்தா குடுப்பீங்களா?" என்றார் அந்தம்மா.

"மாட்டேம்மா" என்றார் இவர்.

லிஃப்டில் இறங்கினோம். திட்டிவிட்டாலாவது பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. கீழே வந்து கதவு திறந்தது. இவர் நகரவில்லை.

"சளி எப்பலேருந்து?"

"திங்கக்கிழமைலேருந்து."

கதவு தானாக மூடிக்கொண்டது. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

"செவ்வாக்கிழமை..." என்றார்.

"இருக்குன்னு சொன்னேன்" என்றேன். "ஐயோ, இருக்குன்னு சொல்லிட்டேனே!"

மழையில் ஸ்கூட்டரை அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் உட்கார்ந்து தையல்காரப் பெண்ணின் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவள் கணவன் வேலைக்குப் போயிருப்பான். அவளும் எட்டு மாதக் குழந்தையும்தான். இந்த மழைக்கு ஜன்னலைத் திறந்தா வைத்திருப்பாள்? துணியெல்லாம் நனைந்துவிடுமே. போகிற வழியெல்லாம் தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று அடைத்த காதைத் தீட்டிக்கொண்டு போனேன். என் குலசாமி, என் மூக்கை வேண்டுமானால் நீயே எடுத்துக்கொள், அந்தக் குழந்தையை விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன்.

வீடு முழுசாக இருந்தது. வாசல் கதவு மூடியிருந்தது. நான் ஓடிப்போய் அழைப்பு மணியில் கை வைக்கப் போனேன். இவர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வலித்தது.

"அதுவும் சுவிட்சுதான்" என்றார்.

முதலில் வெளிச்சுவரில் மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினைக் கீழே இறக்கினார். உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அப்புறம் உள்ளங்கையால் கதவைத் தட்டினார். அவள் வந்து திறந்தாள். "கரண்ட் போயிடுச்சே... என்னண்ணா, நனைஞ்சு வந்திருக்கீங்க?"

அவளுக்குப் பின்னால் மேசையில் இஸ்திரிப் பெட்டி, பக்கத்தில் பாதி தேய்த்த சட்டை. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. சமையலறை வாசலில் ஒரு திரை, அவ்வளவுதான் தடுப்பு. இஸ்திரிப் பெட்டி சூடானால் டிக்கென்று தானே அணையும், ஆறினால் டிக்கென்று தானே எரியும். காலையிலிருந்து எத்தனை டிக் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

"எதையும் தொடாத. குழந்தையத் தூக்கிட்டு வெளிய வா. உடனே."

அவள் கேள்வி கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் அதன் தலையில் என் முந்தானையைப் போட்டு மூடினேன். இவர் உள்ளே போனார். ரெகுலேட்டரை மூடி, ஒவ்வொரு ஜன்னலாகத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு ஜன்னல், இரண்டு ஜன்னல். அவர் வெளியே வரும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

வந்து, பையிலிருந்து சோப்புப் பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுபடி போனார். கொஞ்ச நேரம் கழித்து எங்களை அழைத்தார். தானே மாட்டிய புதுக் குழாயின் மூட்டைக் காட்டினார். வெள்ளை நுரையில் சின்னச் சின்னக் குமிழிகள், ஒவ்வொன்றாக, நிதானமாக வந்துகொண்டிருந்தன.

"செவ்வாக்கிழமைலேருந்து கசியுதும்மா. என் தப்பு" என்றார்.

தையல்காரப் பெண் குமிழியைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"எனக்கு வாசனை வந்துச்சுண்ணா" என்றாள்.

"என்னது?"

"நேத்து காலையில கதவத் திறந்தப்பவே லேசா வந்துச்சு. இன்னைக்கும் வந்துச்சு. உங்களுக்குப் போன் பண்ணலாமான்னு நினைச்சேன். அப்புறம், அண்ணனும் அக்காவும் வந்து பார்த்துட்டுத்தானே போனாங்க, அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுது, புதுக் குழாய் வாசனையா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளைக் கையெடுத்துக் கும்பிடுவதா, காலில் விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் நல்ல மூக்கு ஒன்று இருந்திருக்கிறது. அதை வாயைத் திறக்கவிடாமல் செய்தது எங்கள் மூக்கு.

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு வாசனை தெரியாதும்மா. ஆறு வருஷமா தெரியாது. யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

"எனக்கும் அன்னைக்கு அடைச்சிருந்தது. உங்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன் நான்.

அவள் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் மூட்டைச் சரிசெய்து, நுரையைக் காட்டி, அவளையே மோந்து பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்பியபோது, வாசல் வரை அவள் வரவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. என் சளி அந்த வாரமே போய்விட்டது. அறுபது வீட்டை வேறு ஆள் பார்க்கிறார். இவர் இன்னும் மாடி ஏறி இறங்குகிறார், நான் இன்னும் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன். சோப்புப் பாட்டில் இப்போது பையின் மேல்பக்கம் இருக்கிறது. கண்ணாடி இருக்கா என்று யாரும் என்னைக் கேட்பதில்லை. அதற்காக இரண்டு நாள் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அப்புறம் என்மேலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

ஒவ்வொரு வீட்டிலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் வாசலிலேயே சொல்லிவிடுகிறார்: "எனக்கு வாசனை தெரியாதுங்க. சோப்புப் போட்டுத்தான் பார்ப்பேன். சம்மதம்னா உள்ள வர்றேன்." சில வீடுகளில் அங்கேயே கதவு மூடிக்கொள்கிறது. சில வீடுகளில், பரவாயில்லை வாங்க என்கிறார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சிலிண்டர் பக்கத்தில் நிறுத்தி இன்னொன்றும் சொல்கிறார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதைக் கேட்கும்போதெல்லாம் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"நாளைக்கு உங்களுக்கு லேசா வாசனை வந்தா, நான் பார்த்துட்டுப் போனேன்னு விட்டுடாதீங்க. என்ன நம்பாதீங்க. உங்க மூக்க நம்புங்க."